நகர்ந்து வந்த மலை

காப்பகத்துக்குக் கொடுத்தனுப்பும் டயப்பர் ஒவ்வொன்றிலும் குழந்தையின் பெயர் எழுதியிருக்க வேண்டும். பொட்டலத்தின் மேல் எழுதினால் செல்லாது, ஒவ்வொரு டயப்பரின் முதுகிலும் எழுத வேண்டும். நாளைக்கு ஐந்து, வாரத்துக்கு இருபத்தைந்து. வீட்டுப் பெரியவர்கள் ஆசையாக வைத்த பெயர், கதகானா என்ற ஜப்பானிய எழுத்தில் எழுதினால் எட்டு எழுத்து. ஆக, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நான் தரையில் உட்கார்ந்து கறுப்பு மார்க்கரால் எழுதிய எழுத்துகள் இருநூறு. ஜப்பானிய எழுத்து நன்றாகப் பழகியது எப்படி என்று ஆபீஸில் யாராவது கேட்டால் உண்மையைச் சொல்வதில்லை.

இது தவிர திங்கட்கிழமை மெத்தை விரிப்பு. கை துடைக்கத் துணி, வாய் துடைக்கத் துணி, இரண்டு செட் மாற்றுடை. ஒரு நோட்டு: அதில் காலை உடல்வெப்பம், என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்குத் தூங்கினாள், வயிறு எப்படி எல்லாம் எழுத வேண்டும். வெப்பம் 37.5 டிகிரியைத் தாண்டினால் மதியம் ஆபீஸுக்குப் போன் வந்துவிடும். பையைத் தோளில் மாட்டிக் குழந்தையை வண்டியில் உட்காரவைத்து வீட்டைப் பூட்டும்போது மணி ஏழு. எங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடை பதினோரு நிமிஷம். குழந்தையோடு பதினேழு. வழியில் பூனை இருந்தால் இருபத்திரண்டு.

ஸ்டேஷன் பெயர் நகரேயாமா ஓத்தகா நோ மோரி. டோக்கியோவின் நடுவிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் வடகிழக்கே, சிபா மாகாணத்தின் வடமேற்கு மூலையில், எதோ என்ற பெயருள்ள ஆற்றை ஒட்டி இருக்கிற நகரேயாமா என்ற ஊரின் புது மையம் இது. பரப்பு 35 சதுர கிலோமீட்டர்தான். இங்கே ரயில் ஏறும் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அறை இருக்கிறது. குழந்தையை அங்கே ஒப்படைத்துவிட்டு, நோட்டில் எழுதிய வெப்பத்தை டீச்சர் ஒரு முறை படித்துப் பார்த்ததும், நாம் திரும்பி ரயிலுக்கு ஓடலாம். கொஞ்ச நேரத்தில் பஸ் வரும். ஒவ்வொரு பஸ்ஸும் ஊரின் ஒவ்வொரு பக்கம் போய் குழந்தைகளை அவரவர் காப்பகத்தில் இறக்கிவிடும். சாயங்காலம் இதே கதை தலைகீழாக. கட்டணம் நாளைக்கு 100 யென், மாதம் முழுக்க என்றால் 2,000 யென். டோக்கியோவில் ஒரு ரயில் டிக்கெட்டே அந்த நாள் கட்டணத்தைவிடக் கூட ஆகும்.

மகளுக்கு அப்போது இரண்டு வயது. ஊருக்குப் போன் பேசும்போது இதை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஏல, பச்சப் புள்ளைய பஸ்ஸுல ஏத்திவுட்டுட்டு ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருதீயளா?" என்றாள். கூடவே டீச்சர்கள் போகிறார்கள், எல்லோருக்கும் பெல்ட் போடுகிறார்கள் என்றெல்லாம் விளக்கினேன். "சரி, நல்லா இருங்க" என்று வைத்துவிட்டாள். அந்தச் 'சரி'யின் எடை தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இந்த ஊர் வளர்ந்த கதை முழுவதும் அந்த பஸ்ஸுக்குள் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். வெளியூர்ப் பத்திரிகைகள் நகரேயாமா பற்றி எழுதும்போது மரம், பூங்கா, ஷாப்பிங் சென்டர் என்று படம் போடுகிறார்கள். இங்கே குடிவந்தவர்கள் கணக்குப் போட்டது காலை ஏழிலிருந்து எட்டு வரைக்குமான ஒரு மணி நேரத்தை.

நாங்கள் வந்தது 2017 மார்ச்சில். அதற்கு முன் இருந்தது டோக்கியோவின் நிஷி கசாயில். ஜப்பானில் இருக்கும் நம் ஆட்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னால் போதும்: 2000ஆம் ஆண்டையொட்டி கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த இந்தியர்கள் கூடிக் கூடி ஒரு பேட்டையாகவே ஆகிவிட்ட இடம். புளி, கறிவேப்பிலை, ஊர்ப் பேச்சு எல்லாம் கிடைக்கும். கிடைக்காதது காப்பகத்தில் இடம். ஹொய்குயென் என்கிற அரசு அங்கீகாரம் பெற்ற காப்பகங்களில் இடம் வாங்குவதற்கு மதிப்பெண் முறை இருக்கிறது. அப்பா எத்தனை மணி நேரம் வேலை, அம்மா எத்தனை மணி நேரம் வேலை, தாத்தா பாட்டி பக்கத்தில் இருக்கிறார்களா என்று எல்லாவற்றுக்கும் புள்ளி. இதற்காக அலைவதற்கென்றே 'ஹொகட்சு' என்று தனி வார்த்தை. 2016 தொடக்கத்தில், குழந்தைக்கு இடம் கிடைக்காத ஒருவர் பெயர் போடாமல் இணையத்தில் கொட்டிய கோபம் நாடாளுமன்றத்தில் விவாதமாகிற அளவுக்கு நிலைமை இருந்தது. எங்களுக்கும் இல்லை என்று கடிதம் வந்தது. மனைவியின் பேறுகால விடுப்பு முடிய எண்ணி நாலு மாதம்.

அந்த நேரத்தில்தான் அவளுடன் வேலை பார்க்கும் ஒரு பெண், "நகரேயாமா பாருங்களேன்" என்றிருக்கிறாள். 2010 முதல் டோக்கியோ ரயில் நிலையங்களில் ஒட்டப்பட்ட விளம்பரத்தை அவள் பார்த்திருந்தாளாம். "அம்மா ஆவதென்றால், நகரேயாமா நகரம்." அவ்வளவுதான் வாசகம். ஒரு நகராட்சி தன்னை இப்படி விளம்பரம் செய்துகொள்வது எனக்கு வேடிக்கையாக இருந்தது. வீடு கட்டி விற்கும் கம்பெனி செய்தால் புரியும், நகராட்சிக்கு ஏன் இந்த அவசரம்?

அவசரத்துக்குக் காரணம் இருந்தது, அதுவும் பணக் காரணம்.

டோக்கியோவின் வடகிழக்கில் பழைய ஜோபான் ரயில் பாதை ஒன்றுதான் எல்லோரையும் சுமந்துகொண்டிருந்தது. மூச்சுவிட முடியாத கூட்டம். இன்னொரு பாதை வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். 1989ல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது: ரயிலையும் அதை ஒட்டிய குடியிருப்பையும் ஒன்றாகவே திட்டமிட்டுக் கட்டவேண்டும் என்பது சாரம். 1991ல், மாகாண அரசுகளும் வழியில் உள்ள நகராட்சிகளும் பங்கு போட்டு ரயில் கம்பெனியைத் தொடங்கின. அகிஹாபராவிலிருந்து த்சுகுபா வரை 58.3 கிலோமீட்டர், 20 ஸ்டேஷன், சாலையைக் கடக்கும் லெவல் கிராஸிங் ஒன்றுகூடக் கிடையாது, வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர்.

நிலத்துக்கு என்ன செய்வது? இங்கே ஒரு பழைய முறை உண்டு. ஒரு பகுதியிலுள்ள எல்லா நில உரிமையாளர்களும் தங்கள் நிலத்தில் ஒரு பங்கைப் பொதுவுக்கு விட்டுக்கொடுப்பார்கள். கோணல்மாணலாகக் கிடந்த வயலும் தோப்பும் நேர்க்கோட்டு மனைகளாகத் திரும்பி வரும். விட்டுக்கொடுத்த பங்கில் ரோடும் பூங்காவும் வரும். மீதி கொஞ்சத்தை விற்றுச் செலவை ஈடுகட்டுவார்கள். உரிமையாளருக்கு நிலம் குறைந்தாலும் ரயில் வந்ததும் விலை ஏறுவதால் நஷ்டமில்லை. நல்ல ஏற்பாடுதான், விலை ஏறும் வரைக்கும். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் நில விலைக் குமிழி வெடித்தது. சட்டம் போட்டபோது இருந்த கணக்கு வேறு, மனை விற்கும்போது இருந்த சந்தை வேறு. ரயிலும் தள்ளிப்போனது. 2000ல் ஓடும் என்றார்கள், ஓடியது 2005 ஆகஸ்ட் 24ல். நகரேயாமாவின் கையில் மூன்று புது ஸ்டேஷன், அவற்றைச் சுற்றி ஏராளமான மண். நாட்டில் ஜனத்தொகையோ குறையத் தொடங்கும் நேரம். ஆள் வரவில்லையென்றால் கடன் மட்டும்தான் மிஞ்சும்.

2003ல் மேயராக வந்தவர் இசாகி யோஷிஹாரு. அமெரிக்காவில் நகரத் திட்டமிடல் வேலை பார்த்துவிட்டு வந்து இந்த ஊரில் குடியேறியவர். வந்த கொஞ்ச நாளிலேயே நகராட்சி ஆபீஸுக்குள் சந்தைப்படுத்தல் பிரிவு ஒன்றைத் திறந்தார். பிறப்புச் சான்றிதழும் குப்பையும் வரியும் பார்க்கிற கட்டடத்தில் சந்தைப்படுத்தல்! ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி: யார் வரவேண்டும்? 'எல்லோரும்' என்று அவர் சொல்லவில்லை. கணவன், மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிற, சின்னக் குழந்தை இருக்கிற குடும்பம் என்று குறிவைத்தார். எல்லோரையும் கூப்பிடுகிற விளம்பரத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம், அரசாங்க ஆபீஸில் தெரிந்திருந்தது ஆச்சரியம்.

குறி வைத்த ஆளுக்கு என்ன தேவை? அங்கேதான் பஸ் வருகிறது. ஸ்டேஷன் பக்கத்துக் காப்பகங்களுக்கு எல்லோரும் மனு போடுகிறார்கள், இடம் இல்லை. ஊரின் ஓரத்துக் காப்பகங்களில் இடம் காலியாகக் கிடக்கிறது, ஆனால் அங்கே போய்விட்டுத் திரும்ப ஸ்டேஷனுக்கு வந்தால் ஆபீஸுக்கு நேரமாகிவிடும். புதுக் காப்பகம் கட்டாமலேயே இருக்கிற இடத்தை நிரப்ப ஒரே வழி, பெற்றோருக்குப் பதில் குழந்தைகள் பயணம் போவது. 2007ல் ஓத்தகா நோ மோரியிலும், அடுத்த ஆண்டு மினாமி நகரேயாமா ஸ்டேஷனிலும் அந்த அறைகள் திறந்தன. கட்டடம் அல்ல, வெறும் நேர அட்டவணை. பிறகு காப்பகங்களும் வரிசையாகக் கட்டினார்கள் என்பது வேறு.

ரயில் வந்தபோது ஊரில் இருந்தவர்கள் ஏறக்குறைய ஒன்றரை லட்சம். 2021ல் இரண்டு லட்சத்தைத் தொட்டது. 2016 முதல் 2021 வரை ஆறு ஆண்டு தொடர்ந்து, ஜப்பானின் நகரங்கள் எல்லாவற்றிலும் மக்கள் தொகை வளர்ச்சி விகிதத்தில் முதலிடம். அந்தக் கணக்கில் மூன்று தலை எங்களுடையது.

பஸ்ஸில் குறையே இல்லையா என்றால் இருக்கிறது. நான் ஒப்படைக்கும் டீச்சர் நாள் முழுதும் என் மகளோடு இருக்கும் டீச்சர் அல்ல. அவளை வளர்க்கிற ஆளிடம் என்னால் தினமும் இரண்டு வார்த்தை பேச முடியவில்லை. எங்களுக்கு நடுவில் இருந்தது அந்த நோட்டுதான். ஒரு நாள் அதில், "இன்று தோட்டத்தில் எறும்பு வரிசையை இருபது நிமிஷம் பார்த்தாள். கூப்பிட்டும் வரவில்லை. 'எறும்பு' என்று ஏதோ சொல்கிறாள், என்ன அர்த்தம்?" என்று எழுதியிருந்தது. 'எறும்பு' கதகானாவில் இருந்தது, எ-ரு-ம்-பு. நான் அடியில் 'அரி' என்று ஜப்பானிய வார்த்தையை எழுதினேன். அடுத்த நாள் அந்த வகுப்பு முழுதும் எறும்பு எறும்பு என்று கத்திக்கொண்டிருந்ததாகப் பதில் வந்தது. நேரில் பேசியிருந்தால் இது நோட்டில் ஏறியிருக்காது. இருந்தாலும் நேரில் பேசியிருக்கலாம்.

விளம்பரத்தில் 'அம்மா' என்று போட்டிருந்தாலும், பை தூக்கியது பெரும்பாலும் நான்தான். மனைவிக்கு ஆபீஸ் இன்னும் தூரம், அவள் முன்னாடியே கிளம்பிவிடுவாள். "போஸ்டர மாத்தச் சொல்லுங்க" என்பாள். அப்பாவுக்கும் ஒரு போஸ்டர் பிற்பாடு போட்டார்கள் என்று தெரிந்தபோது வீட்டில் அதற்கு ஒரு கொண்டாட்டம்.

இந்த ஊரை உலகம் முழுதும் ஒரு நாள் பேசியது. நாங்கள் வந்த அதே ஆண்டு, 2017 நவம்பர் 14. மினாமி நகரேயாமா ஸ்டேஷனில் 9 மணி 44 நிமிஷம் 40 நொடிக்குக் கிளம்ப வேண்டிய த்சுகுபா ரயில், 44 நிமிஷம் 20 நொடிக்கே கிளம்பிவிட்டது. 20 நொடி முன்னால். நடத்துநர் நேரத்தைச் சரியாகப் பார்க்கவில்லையாம். பயணிகள் யாரும் புகார் செய்யவில்லை. அடுத்த ரயில் நாலு நிமிஷத்தில். ஆனாலும் கம்பெனி அன்றைக்கே தன் இணையதளத்தில் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. ஆங்கிலச் செய்தித்தாள்கள் எல்லாம் சிரித்தன. ஊரிலிருந்து எனக்கு அந்தச் செய்தியைப் பதினாலு பேர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், எல்லோரும் அழுதுகொண்டே சிரிக்கும் முகத்தோடு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது நொடி என்பது பையைத் தோளிலிருந்து இறக்கி, நோட்டை எடுத்து நீட்டி, "இன்னைக்கு மூக்கு ஒழுகுது" என்று சொல்லும் நேரம். அந்த அறைக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் வாழ்கிறவனுக்கு இருபது நொடி ஒரு பொருள்.

ஓத்தகா என்றால் ஒரு பெரிய வல்லூறு இனம். ஓத்தகா நோ மோரி, வல்லூறுக் காடு. ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில் இச்சினோயா என்ற காட்டில் இந்தப் பறவை கூடு கட்டியிருந்தது. ரயில் திட்டத்தில் அந்தக் காடும் மனையாக வேண்டியது. இயற்கை ஆர்வலர்கள் போராடி ஏறக்குறைய பாதிக் காட்டைக் காப்பாற்றினார்கள். பறவையின் பெயர் ஸ்டேஷனுக்கும், ஸ்டேஷன் பெயர் ஷாப்பிங் சென்டருக்கும், பள்ளிக்கும், அடுக்குமாடிகளுக்கும் போனது. 'தலைநகருக்கு மிக அருகிலுள்ள காட்டு நகரம்' என்பதும் நகராட்சியின் இன்னொரு வாசகம். மீதி பாதி எங்கே என்று கேட்டால், நான் அதன் மேல்தான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேனோ என்னவோ. 2006ல் இருந்து, வீடு கட்டுகிறவர்கள் மரம் வைத்தால் சான்றிதழ் கொடுக்கிறார்கள். எங்கள் கட்டடத்துக்கும் உண்டு. வாசலில் ஏழு மரம். எட்டு வருஷத்தில் நிழல் விழ ஆரம்பித்திருக்கிறது. வல்லூறை நான் இன்னும் பார்த்ததில்லை.

மகள் 2023ல் பள்ளி சேர்ந்தாள். ஜப்பான் முழுக்கப் பிள்ளைகள் இல்லாமல் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் பள்ளிகளை மூடுகிறார்கள். இங்கே கட்டி முடிக்க முடியவில்லை. 2015ல் ஓத்தகா நோ மோரி தொடக்கப் பள்ளியைப் பெரிதாகத்தான் கட்டினார்கள், சில வருஷத்தில் வழிந்தது. 2021ல் ஓகுரோ நோ மோரியில் ஒன்று. 2024ல் ஒரே நாளில் இன்னும் இரண்டு. ஒவ்வொரு பள்ளி திறக்கும்போதும் எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்ற கோடு மாறும், தாள் வரும். நண்பர்கள் பிரிவார்கள்.

எல்லோரும் ஒரே வயதில் வந்தால் எல்லோருக்கும் எல்லாமே ஒரே சமயத்தில் வேண்டும், அவ்வளவுதான் விஷயம். நகராட்சியின் வயதுக் கோபுரப் படத்தில் முப்பதுகளின் பின்பாதியிலும் நாற்பதுகளிலும் ஒரு தொந்தி, அடியில் பத்து வயதுக்குக் கீழே இன்னொரு தொந்தி. இந்த இரண்டு தொந்தியும் வருஷத்துக்கு ஒரு படி மேலே ஏறும். காப்பகத்துக்கு இருந்த நெரிசல் பள்ளிக்கு வந்துவிட்டது. இன்னும் பத்து வருஷத்தில் டியூஷனுக்கும் காலை ரயிலுக்கும் போகும். ரயில் கம்பெனியும் இப்போதைய ஆறு பெட்டியை எட்டாக்க பிளாட்பாரங்களை நீட்டும் வேலையில் இருக்கிறது, 2030களின் முற்பகுதிக்கு என்கிறார்கள். அதற்குப் பிறகு பிள்ளைகள் வெளியே போவார்கள். அப்புறம்?

அப்புறம் என்ன என்பதைப் பார்க்க வெளியூர் போகவேண்டாம். இதே நகரேயாமாவில் எதோகவாதாய் என்று ஒரு பேட்டை இருக்கிறது. தோபு ரயில் பாதையில் அதற்கென்று ஸ்டேஷன் வந்தது 1958ல். அந்தக் காலத்து டோக்கியோ குமாஸ்தாக்களுக்காக மனை போட்டு விற்ற இடம். நேர்த்தெரு, தனி வீடு, இடுப்பளவு வேலிச்செடி. என் மகள் சனிக்கிழமை பியானோ கற்பது அங்கே ஒரு பாட்டி வீட்டில். எண்பது தாண்டியவர். வகுப்பு நடக்கும்போது நான் தெருவில் நடப்பேன். தெரு அவ்வளவு சுத்தம், அவ்வளவு அமைதி. ஒவ்வொரு நாலாவது வீட்டிலும் ஜன்னலின் மழைக்கதவு இறக்கிக் கிடக்கும். கார் நிறுத்துமிடத்தில் கார் இல்லாமல், முதியோர் பகல்நேர மையத்தின் வேன் வந்து நின்று போகும். அந்த வேனும் காலையில் வந்து, பெயர் கேட்டு, பெல்ட் போட்டுக் கூட்டிப்போகிறது.

ஒரு நாள் பாட்டி என்னிடம் சொன்னார். அவர் கல்யாணமாகி இங்கே வந்தபோது காலை எட்டு மணிக்கு இந்தத் தெருவில் மஞ்சள் தொப்பி ஆறு மாதிரி போகுமாம். முதல் வகுப்புப் பிள்ளைகளின் தொப்பி. "எல்லா வீட்டிலும் ஒரே வயசு. ஒரு வீட்டில் அம்மை போட்டால் தெரு முழுக்கப் போடும்." அவர் இதைச் சோகமாகச் சொல்லவில்லை. ஜப்பானியப் பாட்டிகள் சோகமான விஷயத்தைத் தேநீர் ஊற்றிக்கொண்டே சொல்வார்கள்.

நகராட்சிக்கு இது தெரியாமல் இருக்காது. எதோ ஆற்றோரத்தில் பிரம்மாண்டமான சரக்குக் கிடங்குகள் வந்திருக்கின்றன, ஜோபான் அதிவிரைவுச் சாலை பக்கத்திலேயே ஏறுகிறது. இணையத்தில் நாம் வாங்குகிற பெட்டிகள் அங்கிருந்து கிளம்புகின்றன. தூங்க மட்டும் வரும் ஊராக இருந்தால் வேலைக்குப் போகிறவர்களுக்கு வயசானதும் எல்லாம் முடிந்துவிடும், ஊருக்குள்ளேயே வேலை வேண்டும் என்ற கணக்கு. கிடங்கு வேலையை நம்பி ஒரு ஊர் நிமிருமா என்பதில் எனக்குச் சந்தேகம். ஆனால் நான் கம்ப்யூட்டர்க்காரன், கிடங்கைப் பற்றி என்ன தெரியும்.

புது ஸ்டேஷன்காரர்கள் பலரும் பழைய நகரேயாமாவுக்குப் போனதே இல்லை. நாங்களும் மூன்று வருஷம் போகவில்லை. கொரோனா காலத்தில், ரயிலேறக் கூடாது, வீட்டிலும் இருக்க முடியாது என்ற நிலையில்தான் சைக்கிளில் ஆற்றோரமாகப் போய்க் கண்டுபிடித்தோம். ஆறு இருந்ததால் வந்த ஊர் அது. மிரின் என்கிற இனிப்புச் சமையல் மதுவை இங்கேதான் நிறமில்லாமல் தெளிவாக வடிக்கக் கற்றார்கள். ஹொரிகிரி குடும்பம் 1814ல். பசையரிசி, பூசணம் ஏற்றிய அரிசி, சாராயம் மூன்றையும் கலந்து ஊறவைத்துப் பிழிவது. படகில் ஏற்றினால் எதோ நகரத்துக்கு, அதாவது பழைய டோக்கியோவுக்கு, ஆறே கொண்டுபோய்ச் சேர்த்தது. ஹைக்கூக் கவிஞர் இஸ்ஸா இங்கே மிரின் வடித்த அகிமோதோ குடும்பத்து நண்பர் வீட்டுக்குப் பலமுறை வந்து தங்கியிருக்கிறார். சைவம் பார்த்துச் சாப்பிடுகிற எங்கள் வீட்டு விருந்தாளிகளிடம் மிரின் என்றால் என்ன என்று நான் விரிவாகச் சொல்வதில்லை.

1868 வசந்தத்தில், ஷோகுன் ஆட்சியின் சாமுராய்ப் படையான ஷின்சென்குமியின் தலைவர் கொந்தோ இசாமி இந்த ஊரில்தான் கடைசியாக முகாமிட்டார். ஷோகுன் ஆட்சியை வீழ்த்திய புது அரசின் படை சூழ்ந்ததும் வேறு பெயர் சொல்லிச் சரணடைந்தார், கண்டுபிடித்துவிட்டார்கள், இத்தாபாஷியில் தலை போனது. இப்போது அந்த இடத்தில் கொடியும் பலகையும் இருக்கின்றன. மெய்ஜி என்கிற அந்தப் புது ஆட்சியின் தொடக்கத்தில் கொஞ்ச காலம் மாகாண ஆபீஸே இங்கே இருந்தது. அதற்குப் பிறகு 1896ல் ஜோபான் ரயில் இந்த ஊரைத் தொடாமல் பக்கத்தில் போய்விட்டது. ஆற்றை நம்பிய ஊர் தூங்கிவிட்டது.

தூங்காமல் இருக்க ஊர்க்காரர்களே பணம் போட்டு ஒரு குட்டி ரயில் விட்டார்கள். 1916ல் ஓடத் தொடங்கியது, இன்னும் ஓடுகிறது. மபாஷியில் ஜோபான் பாதையைத் தொட்டு நகரேயாமா வரை மொத்தம் 5.7 கிலோமீட்டர், ஆறு ஸ்டேஷன். வேறொரு கம்பெனி ஓட்டிக் கழித்த பெட்டிகள், இரண்டிரண்டாக. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நிறம், ஒரு பெயர். 2005ல் புது ரயில் வந்தபோது பாதிப் பயணிகள் அங்கே போனார்களோ என்னவோ, பெட்டிக்குள் இடம் எப்போதும் இருக்கிறது. நாடு முழுதும் அட்டையைத் தொட்டுப் போகிற காலத்தில் இங்கே மிஷினில் காசு போட்டுக் காகித டிக்கெட் எடுக்க வேண்டும்.

அந்தக் கடைசி ஸ்டேஷனிலிருந்து நடந்தால் அகாகி கோயில். ஒரு சின்னக் குன்று, நாலு மாடி உயரம் இருந்தால் அதிகம், அதன் தலையில் கோயில். ஒவ்வொரு அக்டோபரிலும் ஊர்க்காரர்கள் வைக்கோலைத் திரித்துப் பெரிய கயிறு செய்து வாசலில் கட்டுகிறார்கள். வடக்கே குன்மா மாகாணத்தில் இருக்கும் அகாகி மலையிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து, வெள்ளத்தில் மிதந்து, இங்கே வந்து ஒதுங்கியதாம். நகரே என்றால் ஒழுகி வருவது, யாமா என்றால் மலை. ஊர்ப் பெயர் அப்படித்தான் வந்தது என்கிறது கதை.

இதை முதல்முறை மகளுக்குத் தமிழில் சொன்னேன். "மலை நகர்ந்து வந்துச்சாம்." அவள் உடனே, "நகரே, நகர்ந்து. ரெண்டும் ஒண்ணுதானேப்பா?" என்றாள். தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று வாதாடிய பேராசிரியர் ஓனோ சுசுமு கேட்டிருந்தால் நோட்டை எடுத்திருப்பார். மொழியியல்காரர்கள் பெரும்பாலோர் அவர் வாதத்தை ஏற்கவில்லை, இதுவும் சும்மா ஒரு தற்செயல்தான். நான் அவளிடம் "ஆமா, ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறுபடி அந்தக் குட்டி ரயிலில் போகவேண்டும் என்றாள். மபாஷியில் டிக்கெட் எடுத்தோம். வந்த வண்டி சிவப்பு. நெற்றியில் பெயர் எழுதியிருந்தது, இப்போது அவளுக்கே படிக்க வருகிறது: அகாகி. "அப்பா, மலைதான் வந்திருக்கு" என்றாள். பெட்டியில் எங்களைச் சேர்த்து ஒன்பது பேர். ஜன்னல் ஓரமாக ஒருவர் தூங்கிக்கொண்டே வந்தார், கடைசி ஸ்டேஷன் என்பதால் கவலை இல்லை போலும்.

இறங்கும்போது ஊழியர் ஒருவர் வாசலில் நின்று டிக்கெட்டுகளை வாங்கிக்கொண்டிருந்தார். மகள் கொடுக்கவில்லை. கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் உள்ளே போய் ஒரு சின்ன முத்திரையை எடுத்து வந்து, குனிந்து, "கொஞ்சம் காட்டும்மா" என்று வாங்கி, ஒரு குத்து குத்தித் திருப்பிக் கொடுத்தார். 'செல்லாது' என்று இரண்டே எழுத்து.

டிக்கெட் இப்போது எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் இருக்கிறது. பக்கத்தில் காந்தத்தில் மாட்டிய பள்ளித் தாள்: அடுத்த ஆண்டு எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்ற வரைபடம். எங்கள் தெரு இந்த முறை கோட்டுக்கு இந்தப் பக்கம். எதிர்த் தெரு அந்தப் பக்கம்.